ஏழாவது பேரப்பிள்ளைக்கான வேண்டுதல்

ஆவணி 3, செவ்வாய்

இன்று காலை ஒரே தட்டு இட்லிக்கு மூன்று முறை அமர்ந்தேன். முதல் முறை என் முகத்தில் வெளிச்சம் போதவில்லையாம். இரண்டாம் முறை பேரன் ஒருவன் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டான். மூன்றாம் முறை எல்லாம் சரியாக அமைந்தது. இட்லிதான் ஆறி விறைத்திருந்தது.

‘வீடு நிறைய’ என்பது நிகழ்ச்சியின் பெயர். என் மகன் திருமலை, மருமகள் கஸ்தூரி, அவர்களுடைய ஆறு பிள்ளைகள், மனைவியை இழந்த நான் — இத்தனை பேரும் விழிப்பதையும் உண்பதையும் சண்டையிடுவதையும் வாரந்தோறும் நாடே பார்க்கிறது. ஒரு பிள்ளை பால் தம்ளரைக் கவிழ்த்தாலும் திரையின் மூலையில் ஓர் எண் ஏறும். இத்தனை பிள்ளைகளை வளர்க்க ஆகும் செலவு அது. எண் ஏறும்போதெல்லாம் ஒரு மணி ஒலிக்கும். ஆராதனை மணியின் ஓசையையே அதற்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

வேங்கிக்காலில் இந்தப் பெரிய வீட்டைச் சேனல்தான் பிடித்துக் கொடுத்தது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அவர்கள் பொறுப்பு. அதை நம்பித் திருமலை தன் வேனை விற்றுவிட்டான். நகரத்தில் இருந்த வாடகை வீட்டையும் விட்டுவிட்டோம். இங்கிருந்து புறப்பட நினைத்தால் ஏற வண்டியும் இல்லை, இறங்க இடமும் இல்லை.

பூஜை அறைக்குள் கேமரா வரக் கூடாது என்பது நான் விதித்த ஒரே நிபந்தனை. இதை அங்கே அமர்ந்துதான் எழுதுகிறேன்.

ஆவணி 9, திங்கள்

மூத்த பேத்தி அருணாவுக்குப் பதினான்கு வயது. படப்பிடிப்பை நடத்தும் ஜெயந்திடம் இன்று கேட்டாள்: “அங்கிள், உங்களுக்கு எத்தன பசங்க?”

“ஒன்னுதாம்மா.”

“ஏன் கம்மி பண்ணிட்டீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயந்தும் சிரித்தார். பிறகு, “அந்த ஒன்னுக்கே முழி பிதுங்குது” என்றார். அந்த வாக்கியம் ஒளிபரப்பில் வராது.

ஆவணி 20, வெள்ளி

ஜெயந்த் என்னிடம் தனியே பேசினார். பார்ப்பவர்கள் குறைகிறார்களாம். அடுத்த பருவமும் நிகழ்ச்சி தொடர வேண்டுமானால் வீட்டில் ‘ஒரு நல்ல சேதி’ இருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்கிறதாம்.

“கரும்புத் தொட்டில்னு உங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்காமே ஐயா. அத வெச்சே பண்ணலாம்.”

பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள், தீபத் திருவிழாவில் கரும்பில் சேலையைத் தூளியாகக் கட்டிக் குழந்தையை அதில் இட்டு, கணவனும் மனைவியுமாகத் தோளில் சுமந்து மாட வீதி வலம் வருவார்கள். கண் நிறையும் காட்சி. நானே எத்தனையோ சமயச் சொற்பொழிவு மேடைகளில் அதன் பெருமையைப் பேசியிருக்கிறேன்.

“தொட்டில் அடுத்த வருஷம் எடுத்துக்கலாம். இப்ப வேண்டுதல் மட்டும் எடுத்துடலாம். ஏழாவது பேரப்பிள்ளை வேணும்னு நீங்க கேக்கற மாதிரி. சும்மா ஒரு ஷாட்.”

ஆவணி 25, புதன்

ராஜகோபுரத்தின் எதிரே கற்பூரம் ஏற்றினேன். திருமலை பக்கத்தில் நின்றான். கடைக்குட்டிக்குக் காய்ச்சல் என்பதால் கஸ்தூரி வரவில்லை.

‘சும்மா’ வேண்டுவது எப்படி? எழுபத்தொரு ஆண்டுகளில் அந்த வித்தையை நான் கற்கவில்லை. கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பியவுடன் கேமரா மறைந்தது, கூட்டம் மறைந்தது. அண்ணாமலையானே, இந்தக் குலத்துக்கு இன்னொரு பிள்ளை கொடு, கரும்புத் தொட்டிலிட்டு உன் வீதியை வலம் வரச் செய்கிறேன் என்று நெஞ்சாரக் கேட்டேன். மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். கண்ணில் நீர் வந்தது.

“ஐயா, ஒரே டேக்ல பிச்சிட்டீங்க” என்றார் ஜெயந்த்.

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அது நடிப்பாக இருந்திருந்தால் பொய் ஒன்றோடு போயிருக்கும். நான் மெய்யாகவே கேட்டுவிட்டேன்.

புரட்டாசி 4, சனி

இன்று மாலை விளம்பரம் வந்தது. என் கண்ணீர், கோபுரம், ஊளையிடும் வயலின், ‘ஏழாவது வாரிசு?’ என்ற பெரிய எழுத்துகள். கஸ்தூரி சின்னவனுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டே அதைப் பார்த்தாள். கை பாதியில் நின்றது.

சற்றுப் பொறுத்து என்னைச் சமையலறைக்கு அழைத்தாள். அங்கும் கேமரா உண்டு. நாங்கள் பேசுவது பதிவாகாதபடி குழாயை முழுதும் திறந்துவிட்டாள்.

“இது எப்ப எடுத்தாங்க மாமா?”

“கொழந்தைக்குக் காய்ச்சல் வந்துச்சே, அன்னைக்கு.”

“நெசமா வேண்டினீங்களா, அவங்க சொன்னாங்கன்னு வேண்டினீங்களா?”

பொய் சொல்லியிருந்தால் அவள் மனம் ஆறியிருக்கும். “நெசமாத்தாம்மா” என்றேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“சாமிகிட்ட என் வயித்த கேட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே.”

குழாயை மூடிவிட்டு மறுபடி ஊட்டப் போய்விட்டாள்.

புரட்டாசி 5, ஞாயிறு

அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை. அவள் வைத்த காபியைக் குடித்தேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

ஆறாவது பிரசவத்தில் இரத்தப்போக்கு அடங்காமல் இரண்டு நாள் நினைவின்றிக் கிடந்தவள் கஸ்தூரி. இனி ஒன்று கூடாது என்று மருத்துவர் சொன்னபோது அங்கே நானும் நின்றிருந்தேன். அதை அறிந்தும் எப்படிக் கேட்டேன்? கொடுப்பவன் காக்கவும் செய்வான் என்று நினைத்தேனா? அது பக்தியா, பிறர் நோவை எண்ணிப் பார்க்கச் சோம்பும் நெஞ்சா?

திருமலை இன்று மொட்டை மாடியில் பிடித்துக்கொண்டான்.

“அப்பா, நீங்க எடுத்துச் சொன்னா அவ கேப்பா. சாமிக்கு வேண்டினதுன்னு சொல்லுங்க.”

“டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?”

“இப்ப எவ்ளோ வசதி வந்துடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில சேனல்காரங்களே பாத்துக்கறாங்களாம்.” பிறகு குரல் தாழ்ந்தது. “நிறுத்திட்டா இந்தப் பசங்கள நான் இன்னாத்த வெச்சு படிக்க வெப்பேன், சொல்லுங்க. எண்ணி எண்ணி டிவியில காட்டறாங்களே, அது பொய்யான கணக்கா?”

பொய்யான கணக்கு இல்லை. என் மகன் கெட்டவன் அல்லன், பயந்தவன். அவன் பயத்துக்கு என் வேண்டுதல் வாய்ப்பாக அமைந்துவிட்டது.

புரட்டாசி 24, வெள்ளி

நெடுநாள் பழக்கமுள்ள குருக்களிடம் போனேன்.

“டிவில பார்த்தேன். நன்னா அழறேள் ஓய்” என்று வரவேற்றார்.

வேண்டுதலைத் திரும்பப் பெற வழியுண்டா என்று கேட்டேன்.

“ஆடு நேர்ந்துண்டவா தேங்கா உடைச்சுட்டுப் போறதுண்டு. மொட்டை நேர்ந்துண்டவா ரெண்டு கத்தை பூ முடி மட்டும் கொடுக்கறதுண்டு. புள்ள கேட்டுட்டு வேண்டாம்னு வந்து நின்னவாள நான் பார்த்ததில்ல. சொன்ன சொல் சொன்னதுதான்னு ஊருக்கெல்லாம் சொல்றவர் நீர். என்கிட்ட வந்து கேக்கறீரே.”

அவர் சொன்னதில் பிழையில்லை. என் வாக்கே என்னைச் சுற்றிச் சுவராக நிற்கிறது. மீறினால் தெய்வத்துக்குப் பொய்த்தவன். நிறைவேற்றினால் — எதைக் கொண்டு நிறைவேற்றுவேன்? யாருடைய உயிரைக் கொண்டு?

ஐப்பசி 6, வியாழன்

வழக்கமான மாலைச் சொற்பொழிவு. தானத்தின் இலக்கணத்தை விரித்துக்கொண்டிருந்தேன். கொடுக்கும் பொருள் கொடுப்பவனுக்கு உரியதாக இருக்க வேண்டும்; பிறனுடைய பசுவைத் தாரை வார்ப்பவனுக்குத் தானத்தின் பயன் இல்லை, களவின் பாவமே உண்டு. முப்பது ஆண்டுகளாக நான் சொல்லிவரும் செய்திதான். இன்று அந்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது.

முன்வரிசையில் வழக்கமாக அமரும் எல்லம்மாள் கேட்டாள்: “இன்னா சாமி, மறந்துட்டீங்களா?”

“இல்லம்மா. இப்பத்தான் நெனப்பு வந்துச்சு.”

பாதியிலேயே மங்களம் பாடி எழுந்துவிட்டேன்.

பிறனுடைய பசு. நான் அண்ணாமலையானுக்கு நேர்ந்தது என்னுடையதா? அவள் உதிரம், அவள் எலும்பு, பத்து மாதம் அவளுடைய மூச்சு. அதில் ஒரு துளிக்கேனும் எனக்கு உரிமை உண்டா? களவுப் பொருளை நேர்ந்துவிட்டு, வாக்குத் தவறக் கூடாதே என்று ஒரு மாதமாக உருகியிருக்கிறேன்!

ஐப்பசி 7, வெள்ளி

மேல்துண்டில் குத்திய மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கஸ்தூரியைப் பூஜை அறைக்கு அழைத்தேன். “நான் கேட்டது தப்பு. அந்த வேண்டுதல் உன்னைக் கட்டாது” என்றேன்.

அவள் அழவில்லை. விளக்குத் திரியை நிமிண்டிக்கொண்டே சொன்னாள்: “இன்னிக்கு நீங்க விட்டுட்டா நாளைக்கு அவரு கேப்பாரு. அவரு விட்டா சேனல்ல கேப்பாங்க. எனக்கு இதுக்கு ஒரு முடிவு வேணும் மாமா. ஆப்பரேசன் பண்ணிக்கறேன். ஜீனத் சிஸ்டர் டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டாங்க.”

சின்னவனுக்குத் தடுப்பூசி என்று சொல்லிப் போனதெல்லாம் அதற்குத்தானாம். எங்கள் பகுதிச் செவிலியர் ஜீனத் மட்டுமே அறிவார்.

“கூட ஒரு ஆள் வேணும்னாங்க. எங்கம்மா இருந்தா அவங்கள கூப்புட்டிருப்பேன்.”

“நான் வரேம்மா.”

“ஊர்ல இன்னா பேசுவாங்கன்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

ஐப்பசி 19, புதன்

வாக்குத் தவறியவன் என்று ஊர் சொன்னால் தாங்குவேன். அண்ணாமலையான் சொன்னால்? உறக்கமில்லை.

கார்த்திகை 8, திங்கள்

கொடியேற்றம். நினைவு தெரிந்த நாள் முதல் நான் தவறவிட்டதில்லை. படப்பிடிப்புக்காகத் திருமலையையும் பெரிய பிள்ளைகளையும் விடியுமுன்பே கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை.

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வழியெல்லாம் கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.

“கூட யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டார்கள்.

“எங்க மாமனாரு” என்றாள் கஸ்தூரி. எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து என் திருநீற்றையும் உருத்திராக்கத்தையும் பார்த்தாள்.

“வூட்டுக்காரரு கையெழுத்து வேணுங்களா?” என்று கஸ்தூரி கேட்டாள்.

“வேணாம்மா. உன்து போதும்.”

அவள் கையெழுத்திட்டாள். உள்ளே போகுமுன் சின்னவனை என் மடியில் வைத்தாள்.

தொலைவில் வெடிச் சத்தம் கேட்டது. கொடி ஏறியிருக்கும். இருந்த இடத்திலேயே மலை இருக்கும் திசை நோக்கிச் சொன்னேன்: கேட்டவன் நான். கொடுக்காதே என்று கேட்பவனும் நான். குறையிருந்தால் என்னைப் பிடி, அவளை விடு. முடிந்த காசை அவிழ்க்கவில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

சின்னவனுக்கு மூக்கு ஒழுகியது. கேமரா இல்லாத இடத்தில் இவனை நான் மடியில் வைத்திருப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. மேல்துண்டால் துடைத்துவிட்டேன்.

கார்த்திகை 10, புதன்

கஸ்தூரி வீடு திரும்பிவிட்டாள். நலம்.

திருமலை என் முன்னால் வந்து நின்றான். “எல்லாரும் கொடியேத்தறாங்க, நீங்க எங்க குடும்பத்த எறக்கிட்டீங்க” என்றான். சுவரில் சாய்ந்து அழுதான். கேமரா அதை எடுத்துக்கொண்டிருந்தது.

ஜெயந்த் சினக்கவில்லை. நெடுநேரம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, “இதையே ஒரு எபிசோடா பண்ணலாம். அவங்க படுத்திருக்கற மாதிரி, நீங்க பக்கத்துல உக்காந்து ஏன் இப்படி முடிவு எடுத்தீங்கன்னு சொல்ற மாதிரி. ரொம்பப் பேருக்குப் பிரயோஜனமா இருக்கும் ஐயா” என்றார்.

உள்ளிருந்து கஸ்தூரி, “மாமா, அவங்கள வெளிய போவச் சொல்லுங்க” என்றாள்.

“வெளியே போங்கள்” என்றேன். மேடையில் பேசும் குரல்தான் வந்தது. விளக்குக் கம்பங்களை மடக்கிக்கொண்டு போனார்கள்.

கார்த்திகை 17, புதன்

மலை உச்சியில் தீபம் ஏறியபோது, சேனல் கொடுத்த வீட்டைக் காலி செய்வதற்காகப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தோம். எல்லோரும் அப்படியே எழுந்து நின்று கும்பிட்டோம். திருமலையும் கும்பிட்டான்.

மார்கழி 12, சனி

அடி அண்ணாமலையில் இரண்டு அறை வீடு. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். திருமலை வேறொருவருடைய வேனை ஓட்டுகிறான். என்னோடு இன்னும் நேரே பேசுவதில்லை. “தாத்தாவுக்கு துவையல் வேணுமான்னு கேளு” என்று அருணாவிடம் சொல்வான். நான் அவன் எதிரேதான் அமர்ந்திருப்பேன். “வேணுமாம்” என்று அவள் எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டே சொல்வாள்.

இந்த வாரம் முதல் கஸ்தூரி நகரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். பகலில் சின்னவன் என்னோடு. உலை வைக்கவும் பழகிவருகிறேன்.

இன்று முற்பகல் ஓர் இளம் தம்பதி தேடி வந்தார்கள். மணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. தொலைக்காட்சியில் நான் வேண்டியதைக் கணவன் பார்த்திருக்கிறான்.

“உங்க வாயால கேட்டா பலிக்கும்னு எங்கம்மா சொல்லுச்சு சாமி. எங்களுக்குப் புள்ள வேணும்னு வேண்டிக்கோங்க. கரும்புத் தொட்டில் போட்டுடறோம்.”

திருநீற்றுத் தட்டை எடுத்தேன். எடுத்தபடியே அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வந்ததிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை.

“உனக்கு என்ன வேணும்மா?”

“அவளுக்கும் அதான் சாமி” என்றான் கணவன்.

“அந்தப் பொண்ணு சொல்லட்டும்பா.”

அவள் தரையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே அடுப்பில் சோறு குழையும் வாடை வந்தது. எழவில்லை.

“நர்சிங் கடைசி வருசம் படிக்கறேன் சாமி” என்றாள் கடைசியில். “அது முடியட்டும்.”