ஒரு லிட்டரில் மலையைச் சுற்றிய கார்

என் உயிர்த் தோழிக்கு,

நேற்று அண்ணன் மகள் பழைய கார் ஒன்று பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். விற்பவர் அவளிடம் பாட்டுப் பெட்டியைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பின்பக்கம் போய், மெல்லக் குனிந்து, சைலன்சர் குழாய்க்குள் ஒரு விரலை விட்டுச் சுற்றி எடுத்தேன். விரல் நுனியில் காய்ந்த சாம்பல் நிறக் கரி. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. "பரவாயில்ல, இன்ஜின் ஆயில் குடிக்கல" என்றேன். அந்த மனிதர் பேச்சை நிறுத்திவிட்டு என் நரைத்த தலையையும் கரிபிடித்த விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "இதெல்லாம் யார் அத்தை உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?" என்று அவள் என் காதோரம் கேட்டாள். விரலில் புகையும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை இருந்தது. வீட்டுக்கு வந்தும் கையைக் கழுவ மனமில்லாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது.

நினைவிருக்கிறதா, நாம் தினமும் திருவண்ணாமலையில் பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்துக்குப் போனது? நான் கணக்கு டீச்சர், நீ தையல் டீச்சர். குழந்தையில் வந்த போலியோவில் என் இடது கால் சூம்பிப்போயிருந்தது. பஸ் படி எனக்கு மலை. நான் ஏறி முடிக்கும்வரை நீ கண்டக்டரோடு சண்டை போடுவாய். "விசில் ஊதினீங்கன்னா விசில புடுங்கி கிணத்துல போட்டுடுவேன்" என்று நீ சொன்னதை அந்த ரூட் கண்டக்டர்கள் எல்லோருமே ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள்.

நீ லீவு போட்டிருந்த ஒரு திங்கட்கிழமை, நான் ஒரு காலைப் படியில் வைத்ததுமே பஸ் கிளம்பிவிட்டது. விழுந்தேன். முட்டி வீங்கிப் பதினைந்து நாள் படுக்கையில் கிடந்தேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "போதும்மா. நீ சம்பாதிச்சுதான் இந்த வூட்டுல உலை கொதிக்கணுமா? எழுதிக் குடுத்துட்டு வந்துடு" என்றார். பாசத்தில் சொன்னார். அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், பாசத்தை என்ன செய்வது? கல்யாணம் ஆகாத எனக்கு அந்த வேலைதான் தலைநிமிர்ந்து நடக்க இருந்த ஒரே காரணம். அதை விட்டால் ஆயுளுக்கும் அண்ணி கையை எதிர்பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான். ராஜினாமாக் கடிதத்தை எழுதித் தலையணைக்கடியில் வைத்திருந்தேன்.

அதை நீ பார்த்துவிட்டாய். படித்தாய், மடித்தாய், உன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாய். "ஒரு மாசம் இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றாய். அடுத்த மூச்சிலேயே, "ஏய், ஒரு கார் வந்துருக்குடி!" என்று கத்தினாய்.

அப்போதுதான் அந்தப் புதுச் சின்னக் கார்கள் நம் ஊர்ப்பக்கம் ஒன்றிரண்டாகத் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. சோப்பு டப்பா என்று கேலி பேசியவர்களே அது தெருவில் போனால் நின்று பார்ப்பார்கள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த பம்பாய்க்காரர் ஒருவர் மகனோடு போய் இருக்கப் போகிறார், இரண்டு வருடம் ஓட்டிய வெள்ளை வண்டியை விற்கிறார் என்று நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் பட்டறையில் பேச்சு வந்திருந்தது.

"எனக்கு எதுக்குடி காரு? டிரைவிங் ஸ்கூல்ல அம்பாசிடர் கிளட்ச்ச மிதிச்சுப் பாத்து அழுதுட்டு வந்தவ நானு."

"அது கிளட்ச்சாடி? உரலு! இது பூ மாதிரி இருக்குதாம். வந்து மிதிச்சுப் பாரு, புடிக்கலன்னா உன் லெட்டர நானே தபால்ல போடறேன்."

லாரிப் பட்டறையில் வளர்ந்தவள் நீ. தவழும்போதே ஸ்பேனரைக் கடித்தவள் என்று உன் அத்தா சொல்லிச் சிரிப்பார். பதினெட்டு வயதிலேயே உனக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். கல்யாணமாகிப் போன வீட்டில் பெண் வண்டி ஓட்டுவது பிடிக்காததால் அது பீரோவுக்குள் போய்விட்டது. "ஓட்டக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே" என்று நீ கண்ணடித்தாய்.

அந்த வண்டியை நீ பார்த்த பார்வை இருக்கிறதே! பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிக் குடைந்திருக்க மாட்டார்கள். புர்காவின் கையை முழங்கைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தாய். ஆயில் குச்சியை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் எண்ணெயைத் தேய்த்து, மோந்து பார்த்தாய். காலடி விரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று தட்டினாய். நான்கு டயரையும் உள்ளங்கையால் தடவி, "முன்னாடி இடது பக்கம் ஓரமா தேஞ்சிருக்குது. எங்கியோ பள்ளத்துல வுட்டுருக்காரு" என்றாய். பம்பாய்க்காரர் தன் அரைகுறைத் தமிழில், "ஆமா, போளூர் ரோட்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று திகைத்தார். சைலன்சரில் விரலை விட்டு எனக்கு நீட்டிக் காட்டியதும் அன்றைக்குத்தான். கடைசியாகக் கதவை ஒருமுறை சாத்தி, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டாய்.

"உக்காரு. மிதி" என்றாய்.

உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கிக் கிளட்ச்சின்மேல் வைத்தேன். பிறகு அழுத்தினேன். போனது! அடிவரை போனது! எத்தனையோ வருடமாக என் சொல்லைக் கேட்காத கால், அன்றைக்குச் சொன்ன வேலையைச் செய்தது. நான் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டே இருந்தேன். "போதும்டி, தேஞ்சுடப் போவுது" என்று நீ சிரித்தாய். உன் கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும்தான்.

பம்பாய்க்காரர் பெரிய மனதோடு, ஊருக்குக் கிளம்பும்வரை ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள் என்றார். ஒரு மாதம் காலியான மைதானங்களில் பழகினேன், நீ பக்கத்தில். லைசென்ஸும் வந்தது. மிச்சம் இருந்தது பெட்ரோல் கணக்கு ஒன்றுதான். பள்ளிக்குப் போக வர நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. நாளுக்கு மூன்று லிட்டருக்குள் அடங்கினால் என் சம்பளம் தாங்கும், அதற்கு மேல் என்றால் வண்டி வாசலில்தான் நிற்கும்.

உங்கள் பட்டறையில் அதற்கு ஒரு வழி இருந்தது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்குள் ஒரு கேனைக் கட்டி, அளந்து ஒரு லிட்டர் ஊற்றுவார்கள். பிறகு மலையை ஒரு சுற்று. பதினாலு கிலோமீட்டர். சுற்றி வந்துவிட்டால் நல்ல வண்டி. "மலையச் சுத்திடுச்சா?" என்றுதான் உன் அத்தா கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பாய்க்காரர் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். கிளம்பும் முன் மலையைப் பார்த்து உனக்குத் தெரியாமல் ஒன்று வேண்டிக்கொண்டேன். நீ ஏதோ சாதாரணக் கும்பிடு என்று நினைத்தாய்.

அப்பா, அந்தக் காலை! ரோட்டில் கூட்டமே இல்லை. இரண்டு பக்கமும் புளியமரம், வலது கைப்பக்கம் மலை, ஜன்னலில் காற்று. மூன்றாவது கியர் போட்டபோது நீ கைதட்டினாய். நானோ எமலிங்கக் கோயில் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"இன்னாடி ஆச்சு?"

"லிங்கத்தத் தாண்டி எப்படிடி போறது? கும்பிட்டு வந்துடறேன்."

"சரி, இன்ஜின ஆஃப் பண்ணு."

"ஐயோ, அப்புறம் கிளம்பலன்னா?" மைதானத்தில் இரண்டு முறை அப்படி அடம்பிடித்திருந்தது. சாவியைத் தொடவிடாமல், ஓடுகிற வண்டியில் உன்னை உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். என் நடைக்கு இறங்கி, செருப்பைக் கழற்றி, படியேறி, கும்பிட்டு, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியாதா? உள்ளே நான் கண்ணை மூடி, பெட்ரோல் தீராமல் இருக்கணும் சாமி என்று உருகிக்கொண்டிருந்தேன். வெளியே அதே பெட்ரோல் எரிந்துகொண்டிருந்தது. கணக்கு டீச்சர்!

மலையைச் சுற்றி எட்டு லிங்கம். எட்டுக்கும் இறங்கினேன். நிருதி லிங்கத்தில் நீ கெஞ்சினாய். வருண லிங்கத்தில் திட்டினாய். குபேர லிங்கத்தில் ஹாரனை அடித்தாய். "உங்க சாமிக்கு இங்கிருந்தே கும்பிட்டா கேக்காதா? வெட்டியா எரியுதுடி!" என்று ஈசானிய லிங்கத்தில் உன் குரல் சன்னதிவரை வந்தது. பூசாரி எட்டிப் பார்த்தார். பிறகு ஊருக்குள் நுழைந்தோம். மாடு, தள்ளுவண்டி, பஸ், கோபுரத்துக்கு எதிரே குறுக்கே வந்த கல்யாணக் கூட்டம். எத்தனை முறை கிளட்ச் மிதித்தேனோ, கால் ஒருமுறைகூடக் கைவிடவில்லை. "போறடி! ராணி மாதிரி போற!" என்று திட்டியதையெல்லாம் மறந்து என் தொடையில் அடித்தாய்.

எட்டாவதான அக்னி லிங்கத்தையும் கும்பிட்டுவிட்டுச் செங்கம் ரோட்டில் திரும்பினோம். இன்னும் அரை கிலோமீட்டர். வண்டி இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

நீ இறங்கிப் பானெட்டைத் திறந்தாய். கேன் வறண்டு கிடந்தது. "சரி வுடு, எட்டு எடத்துல நின்னதுக்கு இவ்ளோ தூரம் வந்ததே ஜாஸ்தி. டேங்க்ல பெட்ரோல் இருக்குது, குழாயத் திருப்பி மாட்டினா ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டாய்.

"மாட்டாத!" என்று அலறினேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். நீ பயந்துபோய் ஓடி வந்தாய்.

"வேண்டிக்கிட்டேன்டி. இந்த ஒரு லிட்டர்ல வண்டி மலையச் சுத்தி வந்துட்டா வேலைய வுட மாட்டேன். வரலன்னா சாமியே வேணாம்னு சொல்லிட்டாருன்னு எழுதிக் குடுத்துடறேன்னு."

"அடிப் பாவி! மைலேஜ் பாக்கற வேலைய சாமிகிட்டயா குடுப்பாங்க?"

அது என்னைப் பொறுத்தவரை முடிந்த கதை. மலைக்குக் கொடுத்த வாக்கு. நீ என்னைப் பார்த்தாய், மலையைப் பார்த்தாய். பிறகு பானெட்டைப் படாரென்று சாத்தினாய்.

"வேற பெட்ரோல் ஒரு சொட்டு ஊத்தினோமா?"

"இல்ல."

"அப்ப இன்னும் அந்த ஒரு லிட்டர்தான் கணக்கு. நியூட்ரல்ல போடு. நேரா புடி."

பின்னால் போனாய். வண்டி அசைந்தது.

செங்கம் ரோட்டில் பட்டப்பகலில் புர்காவை இடுப்பில் முடிந்துகொண்டு நீ தள்ளினாய். டீக்கடையிலிருந்து நான்கு பேர் ஓடி வந்தார்கள். "நகருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். "யாரும் தொடாதீங்க, டெஸ்ட் நடக்குது!" என்று விரட்டினாய். அவர்கள் ஒன்றும் புரியாமல் கூடவே நடந்து வந்தார்கள். கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது. வேர்த்து, சிவந்து, மூச்சு வாங்கி, நடுநடுவே சிரித்துக்கொண்டு. உன் மாமியார் வீட்டுக்கு இது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாய். "இறங்கிடறேன்டி, பாரமாவது கொறையும்" என்றேன். "நீ ஓட்டாம வண்டி மட்டும் சுத்தி என்னா ஆவறது? உக்காருடி!" என்றாய்.

புறப்பட்ட வாசலுக்கு வந்து சேர்ந்தோம். பம்பாய்க்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "என்னம்மா, ரிப்பேரா?"

பின்பக்கத்தில் சாய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே நீ சொன்னாய்: "வண்டி நல்லாருக்குதுங்க. டீச்சர் எடுத்துக்கறாங்க."

அன்று சாயங்காலமே கைப்பையைத் திறந்து என் ராஜினாமாக் கடிதத்தை எடுத்து, அதில் கேனைத் துடைத்துப் போட்டாய். உன் மாமியார் ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை என்பதை வெகுநாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னாய். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். இன்ஜினை அணைத்துவிட்டுக் கும்பிட்டால் ஒரு லிட்டரில் அந்த வண்டி தாராளமாக மலையைச் சுற்றும் என்று அடுத்த வாரமே நாம் கண்டுபிடித்தது வேறு கதை.

ஓய்வு பெறும் நாள்வரை நான் வேலைக்குப் போனேன். என் கையால் ஓட்டி, என் காலால் மிதித்துப் போனேன். பக்கத்து இருக்கையில் நீ. போகிற இடமெல்லாம் எல்லோரும் கேட்பார்கள்: "டீச்சர், மைலேஜ் எவ்ளோ குடுக்குது?" நான் கூசாமல் சொல்வேன்: "ஒரு லிட்டர்ல மலையச் சுத்தி வந்துச்சு." உடனே நீ முகத்தை வெகு கண்டிப்பாக வைத்துக்கொண்டு சாட்சி சொல்வாய்: "ஆமாங்க. நான் கூடவே இருந்தேன்."

தள்ளினேன் என்று கடைசிவரை யாரிடமும் நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதோ, முதல்முறையாக எழுதிவிட்டேன். வண்டி போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போதும் அதைப் பற்றி யாராவது கேட்டால் அதே பதில்தான் வருகிறது. சொல்லிவிட்டு, நீ சாட்சி சொல்வதற்காக ஒரு நிமிடம் பேசாமல் இருக்கிறேன்.