அளவுக்குள் இருக்கும் துத்தநாகம்

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலம் என்றுதான் போனில் சொல்கிறீர்கள். போனில் மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால்தான் இந்தக் கடிதம். இதில் குறுக்கே பேச முடியாது, பாருங்கள்.

முதலில் வீட்டு விஷயம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. வாய்க்குத்தான் ஓய்வே இல்லை. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போனில் பேசினால் அப்பாவுக்கு ஓட்டை தெரியாது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

இனி என் வேலை. கொட்டாவி விடாமல் படியுங்கள், காரணம் இருக்கிறது. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் நீர்த்தெள்ளு வளர்க்கிறோம் அல்லவா, கடுகளவு உயிர். தகடுகளுக்குத் துத்தநாக முலாம் பூசும் ஆலையின் கழிவுநீரில் அவற்றை விட்டு, எத்தனை நீந்துகின்றன என்று பார்ப்பேன். துத்தநாகம் எப்போதும் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கும். அவையும் துள்ளிக்கொண்டிருக்கும். நானும் "பாதிப்பு இல்லை" என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

போன மாதம் சோதனை அறையின் ஏசி படுத்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் அதே நீரில் பாதிக்கு மேல் அடியில் கிடந்தன. அறை சூடேறினால் அந்தச் சோதனை செல்லாது, கொட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. கொட்டினேன். ஏசி சரியானதும் மறுபடி செய்தேன், எல்லாம் பிழைத்தன. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கோடையில் ஆற்றுக்குள் ஏசியா ஓடுகிறது?

நானாகவே தனித்தனியாகச் செய்து பார்த்தேன். சுத்தமான நீரில் சூட்டை மட்டும் கூட்டினேன், தாங்கின. தீனியை மட்டும் குறைத்தேன், இளைத்தாலும் தாங்கின. துத்தநாகம் மட்டும் கொடுத்தபோதும் தாங்கின. மூன்றையும் சேர்த்தபோது ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்னொரு முறை செய்தும் அதேதான். எங்கள் மேலாளர், நாங்கள் ரூல்புக் என்று பெயர் வைத்திருப்பவர், அறிக்கையைப் பார்த்துவிட்டு, "செல்லாத டெஸ்டை எதுக்கும்மா எழுதறே? ஆத்துக்கு ஏசி போடச் சொல்லப்போறியா?" என்று கேட்டார். "ஆத்துல எப்படி இருக்கோ அப்படித்தான் சார் வச்சுப் பார்த்தேன்" என்றேன். அவர் அதைக் கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. மேசைமேல் கிடக்கிறது.

அதற்கு மறுநாள்தான் அங்கே உங்களோடு ஒரே அறையில் தங்கியிருக்கும், குழாய் பொருத்துகிற பிட்டர் அண்ணன் போனில் பேசினார். கப்பலின் அடித்தட்டில் வெல்டிங் முடித்து ஏணியில் ஏறும்போது நீங்கள் மயங்கி விழுந்ததைச் சொன்னார். "தங்கச்சி, நான் சொன்னதா சொல்லிடாதே" என்றார். சொல்லிவிட்டேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்னிடம் எப்படிப் பிய்த்துப் பிய்த்துச் சொல்லியிருக்கிறீர்கள்! ஒரு நாள் "வெயில்தான், பழகிடுச்சு". இன்னொரு நாள் "சாப்பாடு இறங்கலை, வேற ஒண்ணுமில்லை". அப்புறம் ஒரு நாள் தூக்கம் இல்லை. புகையைப் பற்றிக் கேட்டால், அளவுக்குள்தான் இருக்கிறது என்று கம்பெனி டாக்டரே சொல்லிவிட்டாராம். முலாம் பூசிய தகட்டை நீங்கள் வெல்டிங் செய்யும்போது புகையாக வருவதும் அதே துத்தநாகம்தானே? வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த எந்த மகராசனை வைத்து அந்த அளவைக் குறித்தார்கள்? பூச்சியோடு புருஷனை ஒப்பிடுகிறாளே என்று சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறேன், அது பொங்கி வழிந்த பிறகுதான் தெரிகிறது.

அங்கே வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கவா என்று என் சம்மதம் கேட்டிருந்தீர்கள். எனக்குச் சம்மதம் இல்லை. அந்தப் பணத்தில் வீட்டுக்கு மேலே எழுப்ப நினைத்த மாடி கட்டாமலே கிடக்கட்டும். இங்கே உங்களுக்கு வேலை கிடைக்க நாளாகலாம், அதுவரை என் சம்பளத்தில் ஓட்டுவோம். உங்கள் அம்மா என்னைத் திட்டுவார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேளுங்கள்.

நீங்கள் எதையும் தாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும், அத்தான். ஒவ்வொன்றாக வந்தால் தாங்குவீர்கள். அங்கே எதுவும் ஒவ்வொன்றாக வரவில்லையே.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நேரில் வந்து சொல்லுங்கள்.

நல்லபடியாக வந்து சேருங்கள் என்று மட்டும் கேட்கும்,
உங்கள் மனைவி