அம்மாவின் கன்னத்து நூல்

திருவரங்குளம்
ஞாயிறு மாலை

நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் மறைக்காமல் எழுதப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்பு மகன் சேரனுக்கு, அம்மா பரிமளா சொல்லத் தங்கை அன்புமொழி எழுதுவது. இங்கே அப்பா, நான், ஆடுகள் எல்லோரும் சுகம், அம்மா பாதி சுகம். மஸ்கட் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி இருக்கிறோம். அம்மா வாயைத் திறக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு, அதனால் பல்லைக் கடித்தபடி நாலு வார்த்தை சொல்வார், மீதியை நான் பார்த்ததிலிருந்து நிரப்புகிறேன். வாட்ஸ்அப்பில் போடலாமே என்பாய். அப்பா தன் மூல வியாதி ரிப்போர்ட்டை உனக்கு அனுப்புவதாக நினைத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டதிலிருந்து அம்மாவுக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் நாகராசு மாமா முறுக்கோடு இதையும் கொண்டுவருவார்.

உனக்குப் பெண் பார்க்கப் பொன்னமராவதி போன அன்று நீ மஸ்கட்டிலிருந்து போனில்தான் பார்த்தாய், அதனால் இது உனக்குத் தெரியாது. ஹரிணி அண்ணியின் அம்மா ராசாத்தி அத்தை அம்மாவிடம் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே அப்பாவைப் பார்த்து, இவங்கதான் மாப்பிள்ளையோட அப்பத்தாவா, சீனி கம்மியாப் போடட்டுமா என்று கேட்டார். அப்பா சிரித்துவிட்டார். வீடு வந்து சேரும்வரை அம்மா பஸ் கண்ணாடியில் தன் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தார், அடுத்த வாரமே திருச்சியில் முகத்தைச் சரிசெய்யும் ஓர் இடத்துக்குப் போனோம். அதை ஆஸ்பத்திரி என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, கிளினிக் என்று சொல்ல வேண்டும், உட்கார்ந்திருப்பவர்களும் நோயாளிகள் இல்லையாம், விருந்தாளிகளாம், ஆனால் ஒரு வாய் தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை. கத்தி கிடையாது, தொங்கும் கன்னத்துக்குள் ஊசியால் மெல்லிய நூலை விட்டு மேலே இழுத்துவிடுவோம், நூல் உள்ளேயே கரைந்துவிடும், சாயங்காலமே பஸ் ஏறலாம் என்றார் டாக்டர். நூல் கரைந்தால் கன்னம் இறங்கிவிடாதா என்று கேட்டேன். இறங்கினால் திரும்ப வாங்க என்றார். அப்பா அதைக் கேட்டுவிட்டு, கயித்துக் கட்டிலு தொய்ஞ்சா இழுத்துக் கட்டுறமே அதானே, இதுக்கு எதுக்கு ஏசி ரூமு என்றார். சிரிக்கக்கூடாது, மெல்லக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கக்கூடாது, யாரும் கன்னத்தைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முகம் வீங்கி, உதட்டு ஓரம் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போதும் யாரோ வேடிக்கையாக ஏதோ சொல்லிவிட்டதுபோல அம்மா இருந்தார். நீ வீடியோ காலில் வந்தபோதெல்லாம் அப்பாவின் நெற்றியும் மின்விசிறியும் மட்டுமே தெரிந்தது இதனால்தான்.

மறுநாள் ஹரிணி அண்ணியின் தாத்தா இறந்துவிட்டார். சம்பந்தி வீட்டு எழவுக்குப் போகாமல் இருக்க முடியுமா. நம் பக்கத்துப் பெண்கள் பந்தல் வாசல்வரை தக்காளி விலை பேசிக்கொண்டு வந்தாலும் உள்ளே நுழைந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதால்தான் துக்கம் கேட்டதாக அர்த்தம். ராசாத்தி அத்தை தலைவிரிகோலமாக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். அம்மா கன்னத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பின்னால் நகர்ந்தார். அத்தை இன்னும் கிட்டே வந்தார், அம்மா இன்னும் நகர்ந்தார், முகத்தில் அந்தச் சிரிப்பு வேறு. ஒப்பாரி அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கே அண்ணியின் அப்பா போன் செய்து, எங்க வீட்டு எழவுல ஒங்க வீட்டம்மாவுக்கு என்ன சந்தோசம், பத்திரிகை அடிக்கிறத நிறுத்தி வையுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த வாரம் அண்ணி உன் போனை எடுக்காததற்குக் காரணமும் இதுதான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார் அப்பா. அம்மா முடியவே முடியாது, பல் வலி என்று சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார். அதற்குள் ராசாத்தி அத்தையே பஸ் ஏறி வந்துவிட்டார். அம்மா அப்போது ஸ்ட்ரா வைத்துக் கேப்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். எங்க வீட்டுல என்ன கொறை கண்டீங்க, கட்டிக்க வந்தா ஒதுங்கிப் போறீங்க என்று அத்தை நேருக்கு நேராகக் கேட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கியது. இந்த வீட்டில் அசைக்கக்கூடிய வாய் என்னுடையதுதான், அதனால் காப்பி கொடுத்த நாளிலிருந்து நூல் கோத்த நாள்வரை நானே சொன்னேன். அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, நான் கேட்ட ஒரு வார்த்தைக்கா இம்புட்டு, நான் கண்ணாடி போடாம இருந்தேன் சம்பந்தி என்றார். பிறகு அம்மாவின் முகத்துக்கு அருகே குனிந்து பார்த்துவிட்டு, தன் தாடையை இரண்டு விரலால் மேலே தூக்கி, இதுக்கும் போடுவாங்களா என்று மெதுவாகக் கேட்டார். போகும்போது கண்டிப்பாகச் சொன்னார், நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா கருமாதிக்கு வந்து எல்லாரும் பாக்க அழுதாத்தான் எங்க வீட்டு ஆம்பளைங்க மனசு ஆறும்.

அம்மா போனார். அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் அழுந்த, அந்தத் தாத்தாவை ஒரே ஒரு முறை பார்த்திருந்தும் நெஞ்சு வெடிக்க அழுதார். என்னங்க இப்புடி அழுவுறாங்க என்று அண்ணியின் அப்பாவே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. அம்மாவின் வலது கன்னத்து நூலும் போய்விட்டது, அந்தப் பக்கம் பழையபடி இறங்கி, இடது பக்கம் மட்டும் இன்னும் சம்பந்தி வீட்டு எழவில் சிரித்த மாதிரியே இருக்கிறது. டாக்டர் திட்டிவிட்டு மறுபடி அம்மாவின் வாயை மூடி வைத்திருக்கிறார். சிரிப்புக்கும் அழுகைக்கும் ஒரே கன்னம்தான் என்பது எங்கள் உயிரியல் புத்தகத்தில் இல்லை.

எந்தக் குறையும் இல்லாமல் நீயும் ஹரிணியும் நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும், உனக்குப் பிறக்கும் பிள்ளைகள் என்னைத் தைரியமாக அப்பத்தா என்று கூப்பிடட்டும் என்று அம்மா ஆசீர்வாதம் சொல்கிறார். ஒன்றை மறக்காதே, மணவறையில் போட்டோ எடுக்கும்போது அம்மாவின் இடது பக்கம் கேமராவுக்கு இருக்கும்படி நில்.

இப்படிக்கு,
உன் அம்மா பரிமளா
(கையெழுத்து அன்புமொழி)

பி.கு: எழுதியதைப் படித்துக் காட்டினேன். ராசாத்தி அத்தை தாடையைத் தூக்கிய இடம் வந்ததும் அம்மாவின் தோள் குலுங்கியது, சிரிக்கக்கூடாது என்று ஞாபகப்படுத்தினேன், உடனே எழுந்து போய் லைட்டை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாக இருந்தால் அதனால்தான்.