தனியாகச் சோதிக்காத ஜீன்

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

மத்தியானம் மதுரை லேபிலிருந்து கவிதா கூப்பிட்டாள். ஜெயித்துவிட்டது என்று சொல்லிவிட்டு நான் நேற்று ஊருக்கு வந்தேனே, அந்த ஜீனைத் தனியாகச் சோதித்தாளாம். சாயத்தை வெளுக்க வேண்டிய அதன் புரதம் அதைத் தொடக்கூட இல்லை.

செல் மாதிரி நாங்கள் செய்யும் குட்டிக் கொழுப்புப் பைகளில் பைக்கு ஒரு ஜீன்தான் இருக்க வேண்டும். எந்தப் பையில் சாயம் வெளுக்கிறதோ அதன் ஜீனை அடுத்த சுற்றுக்கு எடுப்போம். சாயம் வெளுத்த இந்தப் பையில் இரண்டு இருந்திருக்கின்றன. வேலை பார்த்ததை விட்டுவிட்டு, சும்மா கிடந்ததை நான் எடுத்திருக்கிறேன். அந்தச் சுற்றின் மிச்சக் கலவையை நேற்று பஸ் பிடிக்கும் அவசரத்தில் பிளீச்சில் கொட்டிவிட்டேன். ஏழு மாத வேலை.

பக்கத்துத் தறிச் சத்தத்தில் கத்திப் பேசியதால் அக்காவுக்கும் கேட்டுவிட்டது.

"ஏலே, பரீட்சையில சரிபாக்காம பேப்பரக் குடுத்துட்டு மொத ஆளா வெளிய வருவியே, இன்னும் அதத்தான் செய்யுதியா? ஒங்க லேப் சார்ட்ட சொல்லிட்டியா?"

"திங்கக்கெழம நேர்ல சொல்லுதேன்."

"அன்னைக்குத்தான அவரு எல்லாரு முன்னாலயும் இந்த ஜீனப் பத்தி உன்னயப் பேச விடுதாருன்னு சொன்ன?"

சற்றுமுன் சாருக்கு எழுதி அனுப்பினேன். திட்டவில்லை. முந்தின சுற்றுக் கலவை ஃப்ரீசரில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தால் அதிலிருந்து மறுபடி தேடலாம். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பார்க்காமல் 'இருக்கிறது' என்று எழுதக் கை வரவில்லை. காலையில் திறந்து பார்க்கும்படி கவிதாவிடம் கேட்டிருக்கிறேன்.