அதே சேப்பங்கிழங்கு

ஆக்லாந்து

என் உயிரே,

நான் நன்றாக இருக்கிறேன். விமானம் நின்றுபோய் நீ ஊரில், ஆப்பியாவில் மாட்டிக்கொண்டதை நினைத்துக் கலங்காதே.

நம் வழக்கப்படி பிள்ளைத்தாய்ச்சி தனியாகச் சாப்பிடக் கூடாதே! கொரோனா ஊரடங்கிலும் உன் அக்கா லோசா தினமும் தன் தட்டோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று சாப்பிடுகிறாள். மாடியிலிருந்து நான் என் தட்டைக் காட்டுவேன்.

நேற்று கத்தினாள்: "அடியே, இது முந்தாநாள் காட்டின அதே சேப்பங்கிழங்கு! என் கண்ணென்ன அவிஞ்சா போச்சு?"

சிரித்தேன். சிரிப்பு அழுகையாகி, நிற்கவேயில்லை.

அவள் விடவில்லை. "மருத்துவச்சிக்குப் போன் போடு. நீ பேசி முடிக்கிற வரைக்கும் நான் நகரமாட்டேன்."

மருத்துவச்சி எப்போதும்போல, "மனசு எப்படிம்மா இருக்கு?" என்றாள். எப்போதும் சொல்லும் பதிலை நான் சொல்லவில்லை. விடிந்தாலே பயமாக இருக்கிறது என்றேன்.

இன்று லோசாவோடு பாதித் துண்டு தின்றேன். இந்தக் கடிதத்தில் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்ற முதல் வரியை மட்டும் நீயே அடித்துவிடு.

உன் மனைவி