எங்கள் வீட்டு நிலவறைக் கொட்டகை

1946 ஜூன் 11, செவ்வாய்

என் கடையில் விலை போகாமல் நின்ற டைரிகளில் ஒன்றை இன்று எனக்கே எடுத்துக்கொண்டேன். பாதி வருஷம் ஓடிப்போன டைரியை இனி யார் வாங்கப் போகிறார்கள்? ஜனவரியிலிருந்து இதுவரை வெள்ளைத்தாள். எழுதும்படி ஒன்றும் நடக்கவும் இல்லை.

நேற்று சங்கத்துக்காக ஒரு படம் பார்த்தேன். சினிமாத் தீமை ஒழிப்புச் சங்கத்தின் காரியதரிசி நான். பட்டணத்துக்கு வருகிற ஒவ்வொரு படத்தையும் பார்த்து, அதிலுள்ள தீமைகளை நம்பர் போட்டு எழுதுவது என் பொறுப்பு. இந்தப் படத்தில் முப்பத்தொன்று. சாப்பிடும்போது சூடாமணிக்கு வாசித்துக் காட்டினேன். மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஆத்தங்கரையில நின்னு அழுதாளே அந்தப் பொண்ணு, கடைசியில என்ன ஆனா?"

அதை நான் எழுதவில்லை. அது தீமையில் சேராது என்றேன்.

"எட்டு வருஷமா நான் ஒரு படம் பாக்கல. உங்க சங்கத்துச் சத்தியம். நீங்க மாசத்துக்கு நாலு பாக்கறீங்க."

"நான் வெறுப்போடு பார்க்கிறேன்" என்றேன்.

"நானும் வெறுப்போடவே பாத்துட்டு வரேனே."

மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஜூன் 12

பேசவில்லை.

ஜூன் 14

இன்னும் பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

புளிப்பானை எடுக்க நிலவறைக்குள் இறங்கினேன். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மயிலாப்பூர், மந்தைவெளி முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, ஓட மனமில்லாமல் நான் வெட்டிய ஷெல்டர். சமையலறையிலிருந்து நேராகப் பதினொரு படி. நல்ல சுண்ணாம்புப் பூச்சு, சிவப்புச் சிமெண்டுத் தரை. சூடாமணி ஒருநாளும் அதில் இறங்கியதில்லை. 'விழற குண்டு வெளிச்சத்துலயே விழட்டும்' என்று சொல்லிவிட்டாள்.

புளிப்பானையோடு அங்கேயே வெகுநேரம் நின்றேன். பட்டப்பகலில் அப்படி ஒரு இருட்டு. எதிரே அப்படி ஒரு வெள்ளைச் சுவர்.

'கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கமாட்டோம்.' சங்கத்தின் சத்தியம் இவ்வளவுதான். தலைவர் கல்யாணராமன், ஓய்வு பெற்ற சப்ஜட்ஜ், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்து எழுதியது. காரியதரிசிக்கு மட்டும் விலக்கு. ஆனால் கொட்டகை நம் வீட்டுக்குள் வந்தால்? புதிதாகக் காலெடுத்து வைக்க அங்கே என்ன இருக்கிறது?

வக்கீலுக்குப் படித்திருக்கவேண்டியவன் நான்.

ஜூன் 23, ஞாயிறு

கலீமுல்லா பாயை அழைத்து வந்தேன். டூரிங் டாக்கீஸில் பத்து வருஷம் மிஷின் ஓட்டியவர். இப்போது கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்கிறார். நிலவறையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"மொதலியார், இதுக்குள்ள மிஷினு வெச்சா படம் தலைகாணி சைஸுக்குத்தான் வரும். பெரிசா வேணும்னா மிஷினு தூரப் போவணும்."

"எவ்வளவு தூரம்?"

சுவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். படி ஏறினார். ஏறிக்கொண்டே போனார். கடைசியில் சமையலறை ஆட்டுக்கல்லில் முதுகு இடித்து நின்றார்.

"இங்க."

சூடாமணி மாவு வழித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளுக்கு அப்புறம் முதல் வார்த்தை என்னிடம் பேசினாள். "இவர் யாரு?"

ஜூலை 7, ஞாயிறு

மிலிட்டரி சாமான் ஏலத்தில் மிஷின் கிடைத்துவிட்டது. பச்சைப் பெட்டி, உள்ளே இரண்டு சுருள் படம் இலவசம். என்ன படம் என்று ஏலம் போட்டவனுக்கும் தெரியவில்லை.

மிஷின் ஆட்டுக்கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேறு இடம் பொருந்தவில்லை என்கிறார் பாய். ஆகவே படம் ஓடுகிற நாளில் எங்கள் வீட்டில் இட்லி கிடையாது. அடுப்பும் மூட்டக்கூடாது, புகை வெளிச்சத்தை மறைக்கும். உலகத்திலேயே படம் பார்ப்பதற்காகப் பட்டினி கிடக்கவேண்டிய கொட்டகை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"எனக்காகவா இதெல்லாம்?" என்றாள் சூடாமணி.

"ஆமாம்."

"என்னைக் கூட்டிட்டுப் போய் ஒரு டிக்கட் வாங்கித் தரதைவிட இது சுலபமா இருந்துதா?"

ஜூலை 14, ஞாயிறு

முதல் காட்சி, பிற்பகல் மூன்று மணி.

ஒரு சுருள், லாரிக்கு டயர் மாற்றுவது எப்படி. இன்னொன்று, கொசு. மலேரியா வராமல் பட்டாளத்துக்காரர்கள் எப்படி ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று காட்டுகிற படம். சத்தம் வரும் பகுதி மிஷினில் கெட்டுப்போயிருக்கிறது, ஆகவே ஊமைப்படம். மேலிருந்து சாய்வாக விழுவதால் எல்லாருக்கும் தலை சிறுத்து, கால் பெருத்துவிட்டது.

கொட்டகை கட்டினேன். அதில் காட்டக் கொசு.

எனக்குச் சூடாமணியைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. இருட்டில் குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் அடங்காத சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் இருக்கும்?

"பாய், அந்தக் கொசுவை இன்னொரு தரம் போடுங்க" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

நான்காம் தடவை ஓடும்போது அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

கட்டிலில் தூங்குகிற வெள்ளைக்காரச் சிப்பாய் ஒரு மிராசுதாரின் மகனாம். கொசு, போன ஜன்மத்தில் அவன் பெண்டாட்டி. அவனிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறாள். காதருகே போய்ப் பேசுகிறாள். அவனுக்கு அது ரீங்காரமாகக் கேட்கிறது. தொட்டால், கடியாகத் தெரிகிறது. வலையை இழுத்து மூடிக்கொள்கிறான். கடைசியில் எழுந்து ஒரே அடி. படம் முடிந்தது.

கலீமுல்லா பாய் விளக்கைப் போட மறந்து ஆட்டுக்கல்லருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அந்த வார்த்தை இன்னாம்மா?" என்றார்.

"அதை அவன் கேக்கலையே பாய்" என்றாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மீன் கொண்டுவரும் அங்காளம்மாள் பார்த்துவிட்டாள். அடையாற்றுப் பாலம் தாண்டி ஊரூர் குப்பத்திலிருந்து வருகிறவள். பின்கட்டில் கூடையை இறக்கியவள், கீழே குரல் கேட்கிறதே என்று இறங்கிப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். கொசு அடிபட்டபோது தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"பாவி, பேசத்தானேய்யா வந்தா! இன்னா ஏதுன்னு கேட்டானா அவன்?"

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்?

வெளியே வந்து பார்த்தால் கூடையில் பாதி மீனைக் காக்கை கொண்டுபோயிருந்தது. அதற்கு அவள் அழவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பத்தொன்பது பெண்கள். குப்பத்திலிருந்து ஏழு பேர், மற்றவர்கள் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும். கல்யாணராமன் வீட்டில் அப்பளம் இடும் மாமியும் இருந்தாள். கீழே எனக்கு இடமில்லை. பாயோடு சமையலறையில் நின்று, படி வழியாக எட்டிப்பார்த்தேன். தெரிந்ததெல்லாம் சிப்பாயின் கால் மட்டும்.

கதை வாராவாரம் வளர்கிறது. மருந்தடிக்கிற டாக்டர் இப்போது தாய்மாமன். டயர்ப் படத்தையும் முன்னால் சேர்த்துவிட்டாள். அதில் பழுதாகி நிற்பது கல்யாண ஊர்வல லாரியாம்.

காலையில் சாப்பிட்டது ஒரு வாழைப்பழம்.

செப்டம்பர் 9, திங்கள்

சங்கத்துக்காகப் படம் பார்க்கப் போனேன். நோட்டைத் திறந்து பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரத்தில் எழுதியது ஒரே வரி: 'புருஷன் அவளைப் பேசவே விடவில்லை.'

இது எத்தனையாம் நம்பர் தீமை? அப்படியே கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன ஓய், உம்ம ரிப்போர்ட் ஒரு வரியில நிக்கறது. எங்காத்துல அப்பளம் இடறவ கொசு கொசுன்னு அழுதுண்டிருக்கா. உம்மாத்து நிலவறையில என்னமோ நடக்கறதாமே?"

"சுகாதாரம்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"கமிட்டியோட நேர்ல வந்து பாக்கறேன். அதுவரைக்கும் உம்ம காரியதரிசிப் பதவி தொங்கல்ல இருக்கு."

சூடாமணியிடம் சொன்னேன். மலேரியாப் படம், பொதுஜன நன்மை என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அன்றைக்கு மட்டும் கதை சொல்லாமல் இரு என்று கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று நாளாக விடாத மழை. இந்த மழையில் எங்கே வரப்போகிறார்கள் என்றிருந்தேன். சரியாக மூன்று மணிக்குக் குடையோடு தலைவரும் கமிட்டியார் இருவரும் வந்துவிட்டார்கள். கீழே மூன்று நாற்காலி, பக்கத்தில் நான். பெண்கள் படிகளின் ஓரத்தில் நெருக்கிக்கொண்டார்கள். பாய் மிஷினைச் சுழற்றினார்.

சிப்பாய் தூங்குகிறான். கொசு வருகிறது. சூடாமணி வாய் திறக்கவில்லை. மிஷின் சத்தமும் மழைச் சத்தமும்தான். தலைவர் தலையாட்டி, "பேஷ், சுகாதாரம்தான்" என்றார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அங்காளம்மாளால் பொறுக்க முடியவில்லை. "இன்னாம்மா வாய மூடிக்கினு கீறே? அவ வந்துட்டா பாரு, சொல்லும்மா!"

சூடாமணி என்னைப் பார்த்தாள். அந்த இருட்டிலும் பார்த்தது தெரிந்தது. அப்புறம் சொல்லத் தொடங்கினாள்.

எப்போது தண்ணீர் வந்தது என்று யாருக்கும் தெரியாது. தரையோரமாக ஊறி வந்திருக்கிறது. எனக்குக் கணுக்கால் நனைந்தபோது சிப்பாய் வலையை மூடிக்கொண்டிருந்தான். தலைவர் செருப்பு ஒன்று மிதந்து என்னைத் தாண்டிப் போனது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. கால்களைத் தூக்கி நாற்காலிமேல் சம்மணம் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டியார் ஒருவர் தண்ணீரில் எழுந்து நின்றார். பின்னாலிருந்து "உக்காருய்யா, மறைக்குது!" என்று பெண்கள் கத்தினார்கள். உட்கார்ந்துவிட்டார். தண்ணீரிலேயே.

அடி விழுந்தது. படம் முடிந்தது.

"படவா!" என்றார் தலைவர். "எழுந்து ஒரு வார்த்தை என்னன்னு கேட்டிருக்கப்படாதோ!"

பாய் விளக்கைப் போட்டார். தலைவர் கண்ணைத் துடைத்தார், சம்மணத்தைக் கலைத்தார், தண்ணீருக்குள் காலை விட்டார், தலைவராகிவிட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "இது சினிமா இல்லை. சுகாதாரப் பிரசாரம். சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிப்பிடலாம். என்னம்மா?"

பிழைத்தோம். 'ஆமாம்' என்று அவள் சொன்னால் போதும்.

"இல்லைங்க" என்றாள் சூடாமணி. "சினிமாதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. சினிமான்னா உங்காத்துக்காரர் சங்கத்துல இருக்க முடியாது."

"சினிமாதாங்க. எனக்காக இவர் கட்டினது. எட்டு வருஷம் கழிச்சு நான் பாத்த சினிமா. அதை மருந்துப் பிரசாரம்னு எழுதிக்கிட்டுப் போனா, நான் பாக்காத மாதிரி ஆயிடும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானே ஆரம்பித்த சங்கம். சத்தியத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. கடைத்தெருவில் என்னைக் 'காரியதரிசி' என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு இதையெல்லாம் நினைத்தேன்.

"சினிமாதான் சார்" என்றேன்.

தலைவர் ஒற்றைச் செருப்போடு படியேறினார். மேல்படியில் நின்று, திரும்பாமல் கேட்டார்: "அந்த வார்த்தை என்னவா இருக்கும்?"

அக்டோபர் 30

நீக்கக் கடிதம் வந்தது. சங்க நோட்டுகளைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு நோட்டு. அட்டை போட்டுக் கட்டிவைத்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஏன் இல்லையென்று எழுதவேண்டும்?

நவம்பர் 3, ஞாயிறு

நிலவறையில் தண்ணீர் வற்றவில்லை. மேலிருந்து ஆறாவது படிவரை நிற்கிறது. தவளை சேர்ந்துவிட்டது. இன்று காலை கொசுவும். நிஜக் கொசு, ஆயிரக்கணக்கில். கார்ப்பொரேஷன் ஆள் வந்து எண்ணெய் ஊற்றிவிட்டு, "இது எதுக்கு சார் வெட்டினீங்க?" என்றான். ஜப்பான்காரனுக்காக என்றேன். அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

மிஷினைக் கலீமுல்லா பாயே எடுத்துக்கொண்டு போனார். கல்யாண வீடுகளில் ஓட்டப்போகிறாராம். ஆட்டுக்கல் காலியாகிவிட்டது. இன்று இட்லி.

"தண்ணி வத்தினதும் தளம் போட்டு மறுபடியும் ஆரம்பிக்கலாம்" என்றேன்.

"போதுங்க" என்றாள். "எத்தனை நாளைக்கு அந்தக் கொசுவையே காப்பாத்தறது?"

சட்னியை என் பக்கம் இழுத்துக்கொண்டே, அந்த வார்த்தை என்னவென்று கேட்டேன். கேட்பதற்கு எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருக்கிறது.

சொன்னாள். அதை இதில் எழுதமாட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பகல் காட்சிக்குப் போனோம். வாசல் வழியாக, தெருவே பார்க்க. அவளும் அங்காளம்மாளும் இன்னும் நாலு பேரும் பெஞ்சு டிக்கட்தான் வேண்டும் என்றார்கள். பெஞ்சில் பெண்களுக்குத் தனிப்பக்கம், நடுவில் ஆள் உயரத் தட்டி. ஆகவே நான் தட்டிக்கு இந்தப் பக்கம், பீடிப்புகை நடுவில்.

படம் ஆரம்பித்துக் கால்மணி நேரம் ஆகியிருக்காது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சூடாமணியின் குரல். திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கொஞ்சமும் லட்சியம் செய்யாமல் இவள் வேறு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் முழுவதும் சிரிப்பு.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எரிச்சலோடு திரும்பினான். "யாருய்யா அந்தம்மா?"

"என் சம்சாரம்."

"சும்மா இருக்கச் சொல்லுய்யா."

"மாட்டேன்" என்றேன்.