அங்கம்மா சொன்னது

ஜனவரி 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கீழ்க்கடை ஸுபைரா தாத்தா தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொடுத்தனுப்பினார். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்கிறார்கள். முதல் வாரம் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது நானே சிரிக்காமல் கூப்பிடுகிறேன்.

கடல் தாண்டி ஹாலிஎல என்ற இந்த மலை ஊருக்கு வந்து ஐந்து மாதம். "தமிழ் பேசுற நாடுதானே, கஷ்டம் இருக்காது" என்று சொல்லித்தான் நாகர்கோவில் மிஷன் அலுவலகத்தில் அனுப்பினார்கள். தமிழ்தான். இருந்தும் நான் வாயைத் திறந்தால் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிறது.

மாலையில் மழை விட்டதும் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறினேன். அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எங்கள் ஜெபவீட்டுக்குத் தவறாமல் வருபவள் விஜயலெட்சுமி. அவளைப் பார்த்து நாலைந்து பெண்கள் எப்போதாவது வருவார்கள். மூன்று மாதக் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். அவள் அம்மா அங்கம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. ஒரு வாரமாகக் கொழுந்து பறிக்கப் போகவில்லை.

திரும்பும்போது அவளுடைய அண்ணன் கிருஷ்ணராஜ் வழியில் தன் ஆட்டோவை, இங்கத்து வழக்கில் த்ரீவீலை, துடைத்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி ஒங்ககிட்ட வர்றது அவ இஷ்டம். எங்கம்மாகிட்ட மட்டும் ஒங்க சாமியப் பத்திப் பேசாதீங்க."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கோபமாவது வந்திருக்கும். சரி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அறைக்கு வந்து பார்த்தால் காலில் இரண்டு அட்டைகள்.

ஜனவரி 12, வெள்ளி

அம்மா போன் செய்தாள். "அங்க தணுப்பு உண்டா மக்ளே?" கொஞ்சம் என்றேன். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பதைச் சொல்லவில்லை.

ஜனவரி 17, புதன்

அங்கம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் இரண்டுமே மோசமாம். பெண்கள் வார்டு என்பதால் மகன் உட்கார முடியாது. விஜயாவுக்குக் கைக்குழந்தை. பகலில் நான் இருக்கிறேன் என்றேன். கிருஷ்ணராஜ் த்ரீவீல் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி. ஆனா அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 19, வெள்ளி

தாதி சிங்களத்தில் ஏதோ கேட்டாள். நான் திருதிருவென விழித்தேன். படுத்திருந்த அங்கம்மாதான் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காலைல என்ன சாப்பிட்டேன்னு கேக்குறா. இது தெரியாமயா என்னைப் பாத்துக்க வந்தே?"

பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்தாள். இன்றைக்கு நோயாளி எனக்கு மூன்று சிங்களச் சொல் கற்றுக் கொடுத்திருக்கிறாள். தலை வாரிவிடச் சொன்னாள். வாரினால் வகிடு கோணல் என்று திட்டு. ஆஸ்பத்திரித் தேத்தண்ணியில் சீனி இல்லை என்று அதற்கும் எனக்கே திட்டு. ஏனோ பிடித்திருந்தது.

ஜனவரி 24, புதன்

எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் எங்கள் ஜெபவீட்டுப் பாஸ்டர் போனில் கேட்டார்: "டாக்டரே கைவிரிச்சிட்டாராமே. இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம விடுறது அன்பா, ஜெனிஷா?"

அது நாள் முழுக்க மனதில் குத்திக்கொண்டே இருந்தது. நான் நம்புவதால்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? நம்புகிறவள் எப்படிச் சும்மா இருப்பது? ஆனால் வாக்கு —

மூன்று மணிக்குக் கேட்டுவிட்டேன். இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா அம்மா என்று.

அங்கம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வேணாம் பாப்பா. நான் மாரியம்மாவக் கும்புட்டே போறேன். எங்க ஆத்தாளும் அப்பனும் அங்கதான் போனாங்க. நான் வேற பக்கம் போயிட்டா அவங்கள எங்க தேடுறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கோவிச்சுக்கிட்டியா? ஒங்க சாமியும் நல்ல சாமிதான். இந்தக் கையக் கொஞ்சம் பிடி, குளிருது."

பிடித்துக்கொண்டேன். அவள் தூங்கும்வரை ஜெபித்தேன். என்ன கேட்டு ஜெபித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 29, திங்கள்

அங்கம்மா பகல் பதினொன்றரைக்கு இறந்துபோனாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

ஜனவரி 30, செவ்வாய்



லயத்து வாசலில் அங்கம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். சாவுக்குத் தப்பு மேளம் அடிப்பவர்கள் வந்து காத்திருந்தார்கள். விஜயா அவர்களை அடிக்க விடவில்லை. அம்மாவைப் பாஸ்டர் வந்து ஜெபம் செய்துதான் அடக்கம் செய்யவேண்டும் என்றாள். கிருஷ்ணராஜ் முடியாது என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது.

விஜயா என் கையைப் பிடித்து நடுவில் இழுத்து வந்தாள். "கடைசி வரைக்கும் சிஸ்டர்தான் கூட இருந்தாங்க. அம்மா இயேசுவ ஏத்துக்கிட்டாங்கதானே? நீங்களே சொல்லுங்க சிஸ்டர்!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். விஜயாவின் கண்கள்... ஐயோ, அந்தப் பிள்ளை வேற என்னத்தக் கேட்டா? அம்மாவ மறுபடி பாப்போம்னு ஒரு நம்பிக்கை. ஒரு ஆமாம். அவ்வளவுதானே? யாருக்குத் தெரியப்போவுது?

நான் கிருஷ்ணராஜைப் பார்த்துத்தான் பேசினேன். "உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிட்டேன். புதன்கிழமை அம்மாகிட்டக் கேட்டேன். வேணாம்னு சொன்னாங்க. மாரியம்மாவக் கும்பிட்டே போறேன்னாங்க."

விஜயா என் கையை விட்டாள். உதறக்கூட இல்லை, விட்டாள். கிருஷ்ணராஜ் தப்புக்காரர்களுக்குக் கையைக் காட்டினார்.

அடக்கம் முடியும்வரை தேயிலைச் செடிகளின் ஓரத்தில் தனியாக நின்றேன். யாரும் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

விஜயா வரவில்லை. அந்த லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் சொன்னார்: "பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு நகர்ந்திருக்கலாமே? என்னோட ரெண்டு வருஷ உழைப்பும்மா." அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

எனக்குத் தெரியாது என்பதும் பொய்தானே?

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்றும் இல்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

மூன்று நாளாகக் காய்ச்சல். ஸுபைரா தாத்தா கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சலுக்கு இப்படி அழுவாங்களா மகள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கை மீறியதையும் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டார்.

"கேட்டது பிழைதான். அதுக்கு அந்த மகன்கிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்க. ஆனா மௌத்தான ஒருத்தர்ட பேர்ல பொய் சொல்ல ஏலுமா?" டம்ளரை என் கையில் வைத்தார். "குடிங்க, ஆறப்போகுது."

பிப்ரவரி 26, திங்கள்

ஹாலிஎல சந்தியில் கிருஷ்ணராஜின் த்ரீவீல் நின்றது. பக்கத்தில் போனேன். அன்றைக்குக் கூட்டத்தில் வாக்கை மீறியதை ஒத்துக்கொண்டேன், மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன் என்றேன்.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா வேற என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்.

வகிடு கோணலுக்குத் திட்டியதைச் சொன்னேன். தேத்தண்ணிக்குச் சீனி கேட்டதைச் சொன்னேன். ஆத்தாளையும் அப்பனையும் தேடிப் போவதைச் சொன்னேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு சவாரி வந்து ஏறியது. தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 8, வெள்ளி

மிஷன் அலுவலகத்திலிருந்து போன். ஏப்ரலோடு விசா முடிகிறது. கஷ்டமாக இருந்தால் திரும்பி வந்துவிடு, வேறு ஊர் தருகிறோம் என்றார்கள். கனிவாகத்தான் சொன்னார்கள்.

விசாவை நீட்டிக் கொடுங்கள், இங்கேயே இருக்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். இருக்கிறேன் என்றே மறுபடியும் சொன்னேன்.

மார்ச் 17, ஞாயிறு

ஒன்பது மணிக்கு ஜெபவீட்டு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். த்ரீவீல் வந்து நின்றது. குழந்தையை அணைத்தபடி விஜயா இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. கிருஷ்ணராஜ் இறங்காமலே கேட்டார்.

"எத்தன மணிக்கு முடியும்?"

"பதினொன்று."

"புள்ளையத் தூக்கிக்கிட்டு மேட்டுல நடக்க முடியாது. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

விஜயா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு நடுவில் குழந்தை சிணுங்கியதும் நான் போய் வாங்கிக்கொண்டேன். கொடுத்தாள். கொடுக்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எனக்கு இன்னும் ஒங்க மேல கோவந்தான் சிஸ்டர். அண்ணந்தான், 'அந்தப் புள்ள பொய் சொல்லாது, நீ போ'ன்னுச்சு."

குழந்தை என் தோளில் தூங்கிவிட்டது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வெளியே த்ரீவீல் சத்தம் கேட்டது. ஜெபம் முடியும்வரை ஹாரன் அடிக்காமல் நின்றிருந்தார்.